ஊருக்கு ஒரு லக்சா

ஈப்போ, பேராக்

அன்புள்ள நண்பா,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. என் தங்கை போன்ற உன் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் நாளிதழ் வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. இங்கே நாங்கள் நலம். மகளுக்குக் கூச்சிங்கிற்கு வேலை மாற்றலாகிவிட்டது. அதனால் நானும் என் மனைவியும் தென்சீனக் கடலைத் தாண்டிச் சரவாக்குக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறோம்.

அடுத்த ஆண்டு நீங்கள் இருவரும் மலேசியா வரப்போவதாக எழுதியதோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். மலாய்ச் சாப்பாடு, சீனச் சாப்பாடு, இந்தியச் சாப்பாடு என்று மூன்றுதானே, மூன்றையும் கோலாலம்பூரிலேயே சாப்பிட்டுவிடலாமா என்பது உன் கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அண்ணாமலை நகர் விடுதியில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் பினாங்கைப் பற்றி ஓயாமல் பேசியது உனக்கு நினைவிருக்கும். அன்று ஊர் ஏக்கத்தில் பேசினேன். இன்று கொஞ்சம் விவரத்தோடு எழுதுகிறேன்.

மூன்று இனம், மூன்று சமையல் என்ற கணக்கு பாடநூலுக்கும் சுற்றுலா விளம்பரத்துக்கும் வசதியானது. சாப்பிடுகிறவருக்கு அது போதாது. இந்த நாட்டில் ஓர் உணவின் சுவையை முடிவு செய்வதில் சமைப்பவரின் இனத்தைவிட அந்த ஊருக்கே பங்கு அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்தில் எந்தக் கடல் இருக்கிறது, எந்த எல்லை இருக்கிறது, துறைமுகத்தில் யார் வந்து இறங்கினார்கள், மண்ணைத் தோண்டி எதை எடுத்தார்கள் என்பவைதான் இங்கே அடுப்பை ஆண்டிருக்கின்றன. இதை உனக்குக் காட்ட, நூடுல்ஸில் குழம்பு ஊற்றித் தரும் லக்சாவைவிட நல்ல உணவு கிடையாது. பெயர் எல்லா மாநிலத்திலும் ஒன்றுதான். கிண்ணத்தில் வருவது மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

பினாங்கு அசாம் லக்சாவில் தேங்காய்ப்பால் ஒரு சொட்டும் இருக்காது. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து முள் நீக்கி உதிர்த்து, நம் கொடம்புளிக்கு உறவான ஒரு புளியின் உலர்ந்த வில்லைகளைப் போட்டு, புங்கா காந்தான் என்ற காட்டு இஞ்சி வகையின் இளஞ்சிவப்பு மொட்டையும் கெசும் என்ற மணமுள்ள இலையையும் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். அந்தக் குழம்பைத் தடித்த அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றி, அன்னாசித் துண்டு, வெள்ளரி, வெங்காயம், புதினா எல்லாம் பொடியாக நறுக்கித் தூவி, கடைசியாக ஹே கோ என்ற கருநிற இறால் விழுதை ஒரு கரண்டி வைப்பார்கள். முதல் வாயில் புளிப்பு, பிறகு உறைப்பு, அதன் பிறகு அந்த விழுதின் இனிப்பும் கடல் வாசமும். இதைச் செய்து விற்பவர் சீனராக இருக்கலாம், மலாய்க்காரராக இருக்கலாம். பினாங்கில் யார் செய்தாலும் புளிப்புதான் முன்னால் நிற்க வேண்டும்.

எங்கள் பேராக்கிலேயே அரச நகரமான கோலகங்சாரில் கிடைக்கும் லக்சா, கோதுமை மாவைக் கையால் பிசைந்து செய்த நூடுல்ஸும் தெளிந்த மீன் ரசமுமாக இருக்கும். காய்ச்சல் கண்டு எழுந்தவருக்குக்கூடக் கொடுக்கலாம். கிளந்தானில் அரிசி மாவை மெல்லிய தகடாக ஆவியில் வேகவைத்துச் சுருட்டி, துண்டு போட்டு, மீன் கலந்த வெண்மையான தேங்காய்ப்பால் குழம்பில் போட்டுத் தருவார்கள். அங்கே அதற்கு லக்சாம் என்று பெயர். தென்கோடியில் இருக்கும் ஜொகூருக்குப் போனால் உனக்கு வியப்பாக இருக்கும். அங்கே லக்சாவுக்கு இத்தாலிய ஸ்பாகெட்டியைப் போடுகிறார்கள். 1895 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் அபு பக்கார் ஐரோப்பியப் பயணத்தில் அதைச் சுவைத்து விரும்பி, அரண்மனைச் சமையலில் சேர்க்கச் சொன்னார் என்பது ஜொகூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் கதை. வறுத்துக் குத்திய தேங்காய் சேர்த்துக் கெட்டியாக்கிய மீன் குழம்பை அதன்மேல் ஊற்றி, பழைய வழக்கப்படி கையாலேயே பிசைந்து சாப்பிடுகிறார்கள். சரவாக் லக்சாவோ இறால் தலையும் ஓடும் கொதித்த சாறில் மசாலா விழுதும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. சேமியா போன்ற மெல்லிய அரிசி நூடுல்ஸ், நீளமாகக் கீறிய முட்டை அடை, முழு இறால், ஒரு சிறிய எலுமிச்சை. கூச்சிங்கில் அது காலைப் பசியாறல். என் மகளும் இப்போது அப்படித்தான் பசியாறுகிறாள்.

கோலாலம்பூரில் இவை எல்லாம் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தலைநகரத்துக் கடைக்காரர் எல்லா ஊர்க்காரரையும் திருப்திப்படுத்த வேண்டியிருப்பதால், பினாங்குப் புளிப்பும் குறைந்துவிடுகிறது, கிளந்தான் மீன் வாசமும் அடங்கிவிடுகிறது. அதனால்தான் ஊர் ஊராகப் போ என்கிறேன்.

பினாங்கில் உனக்கு நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், காவடித் தண்டின் ஒரு பக்கம் சோற்றுக் கூடையும் மறுபக்கம் கறிப் பாத்திரங்களும் தொங்க, துறைமுகத் தொழிலாளர்களிடம் கொண்டுபோய் விற்றதுதான் நாசி கண்டார். காவடி போய்க் கடைகள் வந்துவிட்டன. நீ போகும்போது உச்சி நேரத்தில் வரிசையில் நின்று, பரிமாறுகிறவரின் கையை மட்டும் கவனி. தட்டில் சோற்றைக் கொட்டி, அதன்மேல் வெண்டைக்காயோ பொரித்த கோழியோ நீ காட்டியதை வைத்துவிட்டு, அவர் நேராக ஒரே குழம்பை ஊற்ற மாட்டார். மீன் குழம்பில் அரைக் கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, கீச்சாப் என்ற சோயா சாறு சேர்ந்த கறுத்த இறைச்சிக் குழம்பில் இன்னும் கொஞ்சம், மேலே மிதக்கும் எண்ணெயை வழித்துக் கடைசியாக ஒரு சொட்டு என்று பாத்திரத்துக்குப் பாத்திரம் கை தாவும். கேட்பவர் "பஞ்சிர்" என்று சொன்னால் சோறு மூழ்கும் வரை ஊற்றுவார். அந்தக் கலவையில்தான் சுவை இருக்கிறது. சீரகமும் சோம்பும் நம் ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்தவை. கீச்சாப்பும் அதன் இனிப்பும் இந்த மண்ணில் சேர்ந்தவை. இதை இந்தியச் சாப்பாடு என்று தமிழ்நாட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், மலாய்ச் சாப்பாடு என்று மலாய்க்காரரும் சொல்வதில்லை. பினாங்குச் சாப்பாடு என்றால் இருவருமே தலையாட்டுவார்கள்.

எங்கள் ஈப்போவைப் பற்றி நான் அதிகம் எழுதினால் ஊர்ப் பாசம் என்பாய். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்ட வந்த கான்டோனியரும் ஹாக்காக்களும் கட்டிய ஊர் இது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் வெளியூர் போனார்கள், சமையல் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. வேகவைத்த கோழியோடு தவுகே எனும் பச்சைப்பயற்று முளையை வைத்துத் தருவது எங்கள் ஊர்ச் சிறப்பு. சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வரும் தண்ணீர்தான் முளையை இப்படிக் குட்டையாகவும் பருமனாகவும் ஆக்குகிறது என்று ஊரில் எல்லோரும் நம்புகிறோம். வெள்ளைக் காப்பியை நீ வந்து குடித்துப் பார். சீனி சேர்க்காமல் மார்ஜரினில் மட்டும் வறுத்த கொட்டை, அதனால் கசப்புக் குறைவு.

கிழக்குக் கரை வேறு உலகம். கிளந்தானுக்குத் தாய்லாந்து எல்லை பக்கம், கோலாலம்பூர் தொலைவு. கோத்தா பாருவில் சித்தி கதீஜா சந்தை என்று ஒன்று இருக்கிறது. நபிகளின் மனைவியும் வணிகருமான கதீஜா அம்மையாரின் பெயரைத் தாங்கிய அந்தச் சந்தையில் கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அங்கே நாசி கெராபு வாங்கிச் சாப்பிடு. சோறு நீல நிறத்தில் இருக்கும். நாம் சிவபூசைக்குப் பறிக்கும் அதே சங்குப்பூவின் சாறில் வேகவைத்தது. மேலே பச்சை இலைகளும் மொட்டுகளும் நூல்போல நறுக்கியவை, வறுத்த தேங்காய், மீன், உப்பிட்ட முட்டை, மீனும் தேங்காயும் அடைத்த பச்சை மிளகாய், பொரித்த மீன் அப்பளம். இவ்வளவையும் ஒன்றாக இணைப்பது பூடு என்ற நெத்திலிச் சாறு. நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து எடுப்பது. முதல் தடவை அதன் வாசம் கொஞ்சம் தடுக்கும். அது இல்லாத நாசி கெராபுவைக் கிளந்தான்காரர் ஒருவரும் ஏற்க மாட்டார் என்பதால் ஒரு துளியாவது விட்டுச் சாப்பிடு.

நெகிரி செம்பிலானில் மினாங்கபாவ் மக்களின் காந்தாரி மிளகாய்க் குழம்பு, பகாங்கில் புளிக்கவைத்த டுரியான் பழத்தில் வேகவைத்த பாத்தின் மீன் ஆகியவற்றைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம். மலாக்காவை மட்டும் அப்படி விட முடியாது.

மலாக்காவில் மூன்று கலப்புச் சமூகங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. சீனரும் உள்ளூர்ப் பெண்களும் மணந்து வழிவந்த பாபா நியோஞ்ஞா குடும்பங்கள் செய்யும் புவா கெலுவாக் கோழியில் போடும் கொட்டை, பச்சையாக இருக்கும்போது சயனைடு உள்ள நஞ்சு. அதை வேகவைத்து, சாம்பலில் வாரக்கணக்கில் புதைத்து, ஊறவைத்துக் கழுவிய பிறகுதான் சமைப்பார்கள். உள்ளே இருக்கும் கறுப்புப் பருப்பைக் கரண்டியால் தோண்டிச் சோற்றில் பிசைந்தால் எந்த இறைச்சிக்கும் இல்லாத ஆழமான ருசி. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியரின் வழிவந்த கிறிஸ்தாங் மக்கள், கிறிஸ்துமசுக்கு வினிகரும் கடுகும் தூக்கலாகப் போட்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்கு உறைப்பான தெபால் கறி வைக்கிறார்கள்.

மூன்றாவது சமூகம் மலாக்கா செட்டிகள். சுல்தான்கள் காலத்திலேயே வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, காஜா பெராங் கிராமத்தில் தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இவர்களுடையது. பொங்கலுக்கு முந்தைய போகியன்று முன்னோருக்கு வாழையிலை விரித்துப் படைக்கிறார்கள். அந்த இலையில் சோறும் மீனும் கறியும் இருக்கும். பக்கத்திலேயே நியோஞ்ஞா வீடுகளில் செய்வது போன்ற தேங்காய்ப்பால் பலகாரங்களும் இருக்கும். படைப்பவரின் வாயில் தமிழ் இல்லை. இலையை விரிப்பதில், முன்னோரை அழைப்பதில், படைத்த பிறகு குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவதில் நம் பாட்டி வீட்டுப் போகி அப்படியே இருக்கிறது. இதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நெகிழ்ச்சியை உனக்கு எழுதிக் காட்டத் தெரியவில்லை. இனம் என்ற அட்டவணையில் இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவாய் என்று உன்னைத்தான் கேட்கிறேன்.

தோட்டப்புறத் தமிழரான எங்கள் வீட்டுச் சமையலும் இந்த நாட்டில் மாறியதுதான். நெய்ச்சோற்றில் வாசனைக்குப் பாண்டான் இலை போடாமல் என் மனைவியால் இறக்க முடியாது. நெத்திலிச் சம்பாலும் மரவள்ளிக் கொழுந்தும் எங்களுக்கு ஊர்ச் சாப்பாடு. 2024 டிசம்பரில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி சானாய் என்ற பரோட்டா, தே தாரேக் என்ற ஆற்றிய பால் தேநீர் ஆகியவற்றை உள்ளடக்கிய மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். மூன்று இனத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பசியாறும் வழக்கத்துக்குக் கிடைத்த மதிப்பு அது.

இனி சரவாக். 1963இல் மலேசியா உருவானபோது சேர்ந்த இந்தப் பெரிய மாநிலத்தைத் தீபகற்பத்தில் இருக்கும் நாங்களே சரியாக அறிந்துகொள்ளவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கூச்சிங் 2021இல் யுனெஸ்கோவின் உணவுக் கலை நகரங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. மகளின் அலுவலகத் தோழி ஒருவர் சரவாக்கின் பூர்வகுடிகளான இபான் இனத்தவர். அவர் வீட்டில் மானோக் பான்சோ செய்வதை முழுவதும் உடனிருந்து பார்த்தோம். பச்சை மூங்கிலை ஒரு பக்கம் கணு இருக்கும்படி வெட்டிக் கழுவினார்கள். துண்டு போட்ட கோழியோடு இஞ்சியும் தட்டிய எலுமிச்சைப்புல்லும் உப்பும் பிசிறி, மூங்கிலுக்குள் கையால் தள்ளி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, வாயை மரவள்ளி இலைகளைச் சுருட்டி அடைத்தார்கள். எண்ணெயும் இல்லை, மசாலாவும் இல்லை. மூங்கிலை நெருப்பின் மேல் சாய்த்து நிறுத்தி, வீட்டுப் பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைத் திருப்பிக்கொண்டே இருந்தார். பச்சைத் தோல் கருகி, இலையடைப்பின் இடுக்கில் சாறு நுரைத்து வந்ததும் இறக்கினார்கள். கிண்ணத்தில் கவிழ்த்தபோது வந்த வாசம் கோழியுடையதா மூங்கிலுடையதா என்று பிரிக்க முடியவில்லை. மரவள்ளி இலை அந்தச் சாறில் வெந்து கீரைபோலக் குழைந்திருந்தது. என் மனைவி இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார். அவர் விருந்து வீட்டில் அப்படிச் செய்பவர் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

கடற்கரையில் வாழும் மெலனாவ் மீனவர்கள் பச்சை மீனை மெல்லியதாகக் கீறி எலுமிச்சைச் சாறும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்து உமாய் செய்கிறார்கள். படகில் அடுப்பு மூட்ட முடியாதவர்களின் சமையல் அது. அதற்குத் துணையாகச் சோறு கிடையாது, வறுத்த சவ்வரிசி. அந்தச் சவ்வரிசியும் அவர்கள் சதுப்பு நிலத்துச் சேகோ மரத்திலிருந்து எடுப்பது. சீபுவில் 1901இல் வந்து குடியேறிய பூச்சாவ் சீனர்கள் கொம்பியா என்ற எள் தூவிய ரொட்டியை இன்றும் சுடுகிறார்கள். சபாவை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. நீ வரும்போது சேர்ந்தே போகலாம்.

இப்போது தங்கையைப் பற்றி. அவர் சைவம் என்பதால் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். இந்த நாட்டில் காய்கறி என்று வரும் தட்டில்கூடப் பிளாச்சான் எனும் இறால் விழுது இருக்கும். கங்கோங் கீரையில் இருக்கும், சம்பாலில் நிச்சயம் இருக்கும். பழத்துண்டுகள்தானே என்று வாங்கும் ரோஜாக்கிலும் இறால் விழுதுதான் மேலே ஊற்றப்படும். ஆகவே கேட்காமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம். ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஊர்களில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை உண்டு. சீனச் சைவக் கடைகளும் உண்டு. அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காமல் சமைப்பவர்கள் பலர். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் விழா வரும்போது, ஒன்பது நாளும் பல சீனக் கடைகளில் மஞ்சள் கொடி கட்டிச் சைவம் மட்டுமே விற்பார்கள். மாலை நேரப் பலகாரங்கள் பெரும்பாலும் அவருக்கு ஏற்றவைதான்: பனைவெல்லம் உள்ளே உருகி நிற்கும் ஒண்டே ஒண்டே, அடுக்கடுக்காக ஆவியில் வேகவைத்த குவே லாப்பிஸ், நம் புட்டுக்கு நெருங்கிய, மூங்கில் குழாயில் வேகும் புத்து பம்பு, வெயிலுக்குத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஐஸும் சேர்ந்த ஒரு கிண்ணம் செண்டோல்.

எப்போது வருவது என்பதுதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழையில் கிளந்தான் பக்கம் வெள்ளம் வரக்கூடும். ஜனவரியில் வந்தால் மலாக்காச் செட்டிகளின் போகியைப் பார்க்கலாம், கிழக்குக் கரையை விட்டுவிட வேண்டியதுதான். மே கடைசியில் வந்தால் ஜூன் முதல் தேதி சரவாக்கில் கவாய் அறுவடைத் திருநாள். அந்த இபான் குடும்பம் இப்போதே அழைத்திருக்கிறது, தீபகற்பத்தில் டுரியான் பருவமும் அதை ஒட்டித் தொடங்கும். செப்டம்பர் கடைசியோ அக்டோபரோ வந்தால் ஒன்பது பேரரசர் விழாவில் மஞ்சள் கொடி கட்டிய எந்தக் கடையிலும் தங்கை கவலையில்லாமல் சாப்பிடலாம். எனக்கு மே மாதம்தான் ஆசை. தங்கையிடமும் கேட்டுவிட்டு எழுது. கவாய் சமயத்தில் கூச்சிங் விமானச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் இந்த மாதத்துக்குள் சொன்னால் நான் இங்கிருந்தே பதிவு செய்துவிடுவேன். உள்நாட்டு விமானம்தானே என்று கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சரவாக்குக்கும் சபாவுக்கும் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு.

அன்புடன்,
உன் நண்பன்